பந்தியிலிருந்து மேசைக்கு: சேர்ந்து உண்பதும் கடை சொல்வதும்

பந்தியில் உட்கார்ந்தவருக்கு முடிவெடுக்கும் வேலை கிடையாது. இலை விழுந்த இடம் அவர் இடம். பரிமாறுகிறவர் கொண்டுவரும் வரிசைதான் சாப்பாட்டின் வரிசை. செலவு அழைத்தவருடையது. 'வேணும்', 'போதும்' என்ற இரண்டு சொற்களோடு ஒருவர் முழுக் கல்யாணச் சாப்பாட்டையும் முடித்துவிடலாம். பக்கத்து இலைக்காரர் மோர் சாதத்தில் இருக்கும்போது எழுந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் நினைவில் வைக்க வேண்டிய ஒழுங்கு.

உணவக மேசை இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. எந்தக் கடை, எத்தனை மணிக்கு, யாருக்கு என்ன, எதைப் பொதுவில் வாங்குவது, யார் காசு கொடுப்பது என்று எல்லாமே சாப்பிடப் போகிறவர்கள் தலையில் வந்து விழுந்தது. பழைய பள்ளித் தோழர்களோ அலுவலக நண்பர்களோ பத்துப் பேர் சேர்ந்து சாப்பிடப் போவதென்றால் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் பேச்சு ஓடுகிறது. கடைசியில் யாரோ ஒருவர் அலுத்துப்போய், எல்லாருக்கும் தெரிந்த, யாருக்கும் பிடிக்காத ஒரு கடையின் பெயரைச் சொல்ல, அங்கேயே போய்ச் சேர்கிறார்கள்.

இது சோம்பேறித்தனமோ குணக்கேடோ இல்லை. கூட்டமாக உண்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த முடிவுகளை நம் ஊர் மேசையோடு வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. கூட்டமாகச் சாப்பிடும்போது வரும் கோளாறுகளும், கடை பரிந்துரைப்பதில் வரும் கோளாறுகளும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. பக்கத்திலிருப்பவரைப் பார்த்து நம் முடிவை மாற்றிக்கொள்வதுதான் அந்த வேர். பந்தியில் வழக்கம் பார்த்துக்கொண்ட ஒழுங்கை, மேசையில் நாமே முன்கூட்டிப் பேசி ஏற்படுத்திக்கொண்டாக வேண்டும்.

யாரோடு யார்

பந்தியின் ஒழுங்கைப் பேசும்போது அதன் மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலம் சாதி தீர்மானித்த விஷயம். 1920களின் நடுவில், வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது வெளியே தெரிந்து பெரும் விவாதமானது. பெரியார் காங்கிரசை விட்டு விலகியதன் பின்னணியில் இந்தப் பந்தி பேதமும் இருந்தது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்கென்று இருந்த தனியிடம் 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துத் திராவிடர் கழகம் மாதக்கணக்கில் மறியல் செய்தது. பொது உணவகங்களில் நுழைவதைச் சாதி, மதம், பால் காரணமாக யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு 1950லேயே சொல்லிவிட்டது. இருந்தும் கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

ஆகவே ஓர் அலுவலகத்தின் பத்துப் பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது தானாக வந்த வசதி இல்லை, போராடிப் பெற்றது. அந்த மேசையை ஏற்பாடு செய்கிறவருக்கு இது நினைவிருப்பது நல்லது. 'எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும், சைவக் கடைக்கே போயிடலாம்' என்பது நடுநிலையான யோசனைபோலத் தோன்றும். ஒவ்வொரு முறையும் அதையே செய்தால், விட்டுக்கொடுப்பவர்கள் எப்போதும் ஒரே தரப்பினர்தான் என்றாகிவிடுகிறது. தனிச் சமையலறையில் சைவமும் சமைக்கும் அசைவக் கடையைத் தேடுவது, இல்லையென்றால் ஒரு முறை இங்கே, ஒரு முறை அங்கே என்று மாற்றுவது நேர்மையான வழி.

நேரம் குறிப்பதிலும் இதேபோல் ஒரு மறைவான பாகுபாடு உண்டு. இரவு ஒன்பது மணிக்குப் புறநகர்ச் சாலையோரக் கடை என்று முடிவு செய்தால், இரு சக்கர வாகனமோ காரோ இல்லாதவர்களும் வீட்டில் பதில் சொல்ல வேண்டிய பெண்களும் மெல்ல விலகிவிடுவார்கள். 'வரலைன்னு அவங்களேதானே சொன்னாங்க' என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர்களை வரவிடாமல் செய்தது அந்த நேரமும் இடமும்தான்.

எத்தனை பேர், எவ்வளவு சாப்பாடு

அமெரிக்க உளவியலாளர் ஜான் டி காஸ்ட்ரோ, மக்கள் தாங்கள் உண்பதை நாள்தோறும் குறித்துவைத்த ஏடுகளைக் கொண்டு 1992இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தனியே உண்பதோடு ஒப்பிட்டால், கூட ஒருவர் இருக்கும்போது உணவின் அளவு 33 சதவீதம் கூடியது. உடனிருப்பவர்கள் மூவரானால் 58 சதவீதம், ஏழும் அதற்கு மேலும் என்றால் 96 சதவீதம். பேச்சு நீள்வதால் சாப்பிடும் நேரம் நீள்கிறது. நேரம் நீண்டால் கை இன்னொரு முறை தட்டுக்குப் போகிறது. கூட்டமாகப் போனால் வீட்டில் சாப்பிடுவதுபோல ஒன்றரை மடங்கு சாப்பிடுவோம் என்று கணக்குப் போடுவது தவறில்லை. கண் முன்னே வந்து நிற்கும் தட்டுகள் அதையும் தாண்டிவிடுகின்றன என்பதுதான் சிக்கல்.

பேச்சுக்கும் ஓர் எல்லை உண்டு. ராபின் டன்பரும் அவர் சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வின்படி, இயல்பாகக் கூடிப் பேசும் குழு ஏறத்தாழ நான்கு பேருக்கு மேல் நிலைப்பதில்லை. ஐந்தாமவர் வந்ததும் பேச்சு இரண்டாகப் பிரியத் தொடங்குகிறது. பன்னிரண்டு பேரை நீள மேசையில் வரிசையாக உட்காரவைத்தால், மூன்று தனித்தனி விருந்துகள் நடக்கும். கோடியில் இருப்பவருக்கு எதிர்க்கோடியில் இருப்பவர் வந்ததே தெரியாது. உணவைப் பொறுத்தவரை ஆறு முதல் எட்டுப் பேர் வசதியான அளவு. ஏழெட்டு வகைகளை வாங்கிப் பகிரலாம், எதுவும் மிஞ்சாது. அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டு மேசைகளாகப் பிரித்து, நடுவில் இடம் மாறி உட்காருவது நல்லது.

முதலில் சொன்னவரே திருப்தியானவர்

சர்வர் வந்து நிற்கிறார். முதல் ஆள் 'மட்டன் பிரியாணி' என்கிறார். இரண்டாமவருக்கும் அதுதான் வேண்டும். ஆனால் அதையே சொல்லத் தயங்கி வேறொன்றைச் சொல்கிறார். இந்தத் தயக்கத்தை டான் ஏரியலியும் ஜொனாதன் லெவாவும் 2000இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்துக் காட்டினார்கள். அமெரிக்க மதுக்கூடம் ஒன்றில் சில மேசைகளில் வாய்விட்டும், சில மேசைகளில் தனித்தனித் தாளில் எழுதியும் பியர் வகைகளைக் கேட்க வைத்தார்கள். வாய்விட்டுக் கேட்ட மேசைகளில் ஆளுக்கு ஒன்றாக வகைகள் பெருகின, திருப்தி குறைந்தது. முதலில் கேட்டவருக்கு மட்டும் அந்தக் குறை இல்லை, ஏனென்றால் அவர் ஒருவர்தான் தனக்குப் பிடித்ததைக் கேட்டிருந்தார். இதையே ஹாங்காங்கில் செய்தபோது முடிவு எதிர்த்திசையில் போனது. அங்கே பின்னால் கேட்டவர்கள், முன்னவர் கேட்டதையே கேட்கும் பக்கம் சாய்ந்தார்கள்.

நம் மேசைகளில் இரண்டு போக்கையும் பார்க்கலாம். இளைஞர் கூட்டத்தில் தனித்துத் தெரிய வேண்டும் என்ற ஆசை. மூத்தவரோ மேலதிகாரியோ இருக்கும் மேசையில் 'அதே எனக்கும்'. மேலதிகாரி 'ரெண்டு இட்லி போதும்' என்றுவிட்டால் எதிரே இருப்பவர் நெய் ரோஸ்ட் கேட்பது அபூர்வம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கடைக்குப் போகும் முன்பே அவரவர் விருப்பத்தை அமைப்பாளருக்குத் தனியாகச் சொல்லிவிடுவது. குழுவில் எல்லாரும் பார்க்கப் போட்டால் பயனில்லை. முதல் பதில் மற்ற பதில்களை இழுத்துவிடும்.

இதில் நம் மரபு சார்ந்த ஒரு நுணுக்கமும் இருக்கிறது. தென்னிந்தியச் சாப்பாடு அடிப்படையில் ஆளுக்கு ஓர் இலை. நடுவில் ஒரு பெரிய தட்டை வைத்து எல்லாரும் கைபோடுவது பல வீடுகளில் எச்சில் என்று விலக்கப்பட்டது. ஆகவே பகிர்ந்துண்ண வேண்டுமானால் பழகாதவர்களுக்கு உறுத்தாத முறை வேண்டும். சோறு, தோசை, பரோட்டா போன்ற முதன்மை உணவு அவரவருக்குத் தனி. வறுவல், சுக்கா, தொக்கு, கூட்டு வகைகள் பொது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி. பொது வகைகளை அந்தக் கடையில் ஏற்கனவே சாப்பிட்ட ஒருவர் கேட்கட்டும். இப்படிச் செய்தால் ஆளுக்கு ஒரு வகை தெரிந்து திரும்புவதற்குப் பதில் எல்லாருக்கும் எட்டு வகை தெரியும்.

பில் வந்தபின்

சேர்ந்து சாப்பிட்டு, பில்லைச் சமமாகப் பங்கிட்டால் என்ன ஆகும்? யூரி க்னீஸி, எர்னான் ஹருவி, ஹடாஸ் யாஃபே ஆகிய மூவரும் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஓர் உணவகத்தில் இதைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். ஒருவரையொருவர் அறியாத ஆறு பேர் கொண்ட குழுக்கள். அவரவர் உண்டதற்கு அவரவர் கொடுத்தபோது ஆள் சராசரி ஏறத்தாழ 37 ஷெக்கல். சமமாகப் பங்கிட்டபோது 51. முழுச் செலவையும் ஆய்வாளர்களே ஏற்றபோது 82. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பங்கேற்றவர்களிடம் எந்த முறை வேண்டும் என்று முன்கூட்டிக் கேட்டபோது பெரும்பான்மையோர் தனித்தனிப் பில்லையே விரும்பினார்கள். அதாவது, சமப்பங்கில் தாங்கள் அதிகம் கேட்பார்கள் என்பதும் மற்றவர்களும் அப்படித்தான் கேட்பார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

அவர்கள் அந்நியர்கள் என்பதை மறக்கக் கூடாது. நண்பர்களிடையே கூச்சம் கொஞ்சம் கடிவாளம் போடும். ஆனால் நண்பர்களிடையேதான் சமப்பங்கு அதிகம் புண்படுத்தவும் செய்கிறது. ஒரு தயிர் சாதத்தோடு நிறுத்தியவரும் இறாலும் நண்டும் கேட்டவரும் ஒரே தொகையைக் கொடுக்கும்போது, முன்னவர் வாய் திறக்க மாட்டார். அடுத்த முறை வரமாட்டார். சம்பள வேறுபாடு உள்ள குழுக்களில் இது இன்னும் கூர்மையாக இருக்கும்.

நம்மிடம் இருந்த பழைய முறை பங்கீடு அல்ல, முறைவைத்துக் கொடுப்பது. முதல் சம்பளம், பதவி உயர்வு, குழந்தை பிறப்பு என்று ஆளுக்கு ஒரு 'ட்ரீட்'. 'நான் குடுக்கிறேன்', 'சே, நீ கையை எடு' என்று கல்லாப்பெட்டி முன் நடக்கும் தள்ளுமுள்ளு அதன் அங்கம். ஒரே குழு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து சாப்பிட்டால் இந்த முறை தானே சரியாகிவிடும். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இன்றைய குழுக்களில் அது சரிவராது. முதலில் கொடுத்தவர் நட்டப்படுவார். 2016இல் யுபிஐ வந்தபின் தனித்தனியாகக் கணக்குப் பார்த்து அனுப்புவது சில நொடி வேலையாகிவிட்டது. முதன்மை உணவுக்கு அவரவர், பொது வகைகளுக்குச் சமப்பங்கு என்பது மேலே சொன்ன முறையோடு பொருந்தி வரும். எது என்றாலும் உட்காரும் முன் சொல்லிவிட வேண்டும். பில் வந்தபின் எடுக்கப்படும் முடிவு யாரோ ஒருவருக்கு அநியாயமாகத்தான் முடியும்.

பில்லைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். இது வரி, கொடுத்தாக வேண்டும். சேவைக் கட்டணம் வேறு. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பெரிய குழு என்ற காரணம் சொல்லி அதைச் சேர்த்தால், நீக்கச் சொல்லலாம். சர்வருக்கு நேரில் கையில் கொடுப்பது தனி. பத்துப் பேருக்கு நடந்து பரிமாறியவருக்குத் தாராளமாகவே கொடுக்கலாம்.

அடுப்பின் கணக்கு

குழு விருந்து சொதப்புவதற்குப் பல நேரம் சமையலறையின் வேலைமுறை தெரியாததே காரணம். பிரியாணி தேக்சாவில் ஒட்டுமொத்தமாகத் தம் போட்டு இறக்கப்படுவது. மதியம் பன்னிரண்டரைக்கு இருபது பேருக்கும் ஒரே நேரத்தில் வரும். மூன்று மணிக்குக் கேட்டால் அடிச்சோறு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தோசை அப்படி இல்லை. கல்லில் ஒரு ஈட்டுக்குச் சில தோசைதான். பத்துப் பேரும் பத்து வகைத் தோசை கேட்டால் முதல் ஆள் கை கழுவும்போது கடைசி ஆளுக்குத் தோசை வரும். பரோட்டாவுக்கு மாவு பிசைந்து, ஊறவைத்து, வீச வேண்டும். அதனால் பல ஊர்களில் அது மாலைக் கடை. மீன் மதியத்தில் நன்றாக இருக்கும்.

ஆகவே பெரிய குழு என்றால் முந்தைய நாளே கடைக்குச் சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. எத்தனை பேர், எத்தனை மணி, பாதிப் பேருக்காவது என்ன வேண்டும் என்ற மூன்று தகவல் போதும். சொன்ன எண்ணிக்கையில் ஆள் குறைந்தால் அதையும் சொல்ல வேண்டும். பத்து இருக்கை மட்டுமே உள்ள மெஸ்ஸில் எட்டுப் பேர் ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்த மதியத்தின் வருமானத்தையே பிடித்து வைத்திருக்கிறோம் என்று பொருள். நீண்ட பேச்சுக்கு வேறு வகைக் கடை உண்டு. சென்னை கதீட்ரல் சாலையில் 1962இல் திறந்து 2008இல் மூடப்பட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இன்றும் பலர் நினைவில் நிற்பதற்குக் காரணம் அங்கே யாரும் யாரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை என்பதுதான். அந்த இடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

யார் சொல்லைக் கேட்பது

நல்ல கடை எது என்று சொல்வதற்கு உலகம் மூன்று வழிகளை முயன்று பார்த்திருக்கிறது. 1900இல் பிரான்சில் டயர் நிறுவனமான மிஷ்லின் தொடங்கிய கையேடு, பிற்பாடு பெயர் தெரியாத ஆய்வாளர்களை அனுப்பி நட்சத்திரம் வழங்கும் அமைப்பாக வளர்ந்தது. அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றிய விற்பனைப் பிரதிநிதி டங்கன் ஹைன்ஸ், 1935 கிறிஸ்துமசுக்கு வாழ்த்து அட்டையோடு தனக்குப் பிடித்த 167 உணவகங்களின் பட்டியலை நண்பர்களுக்கு அனுப்பினார். கேட்டவர்கள் பெருகவே அடுத்த ஆண்டு அது புத்தகமாயிற்று. நியூயார்க்கில் டிம், நீனா ஸகாட் தம்பதியர் 1979இல் நண்பர்களின் மதிப்பீடுகளைத் திரட்டிச் சராசரி எடுக்கத் தொடங்கினார்கள். பத்திரிகை விமர்சகர்களை நம்ப முடியவில்லை என்று நண்பர்கள் ஒரு விருந்து மேசையில் குறைபட்டுக்கொண்டதிலிருந்து பிறந்தது அது. இன்று கைபேசியில் பார்க்கும் நட்சத்திரம் இந்த மூன்றாம் வழியின் பிள்ளை. இந்தியாவில் 2008இல் ஃபுடிபே என்ற பெயரில் தொடங்கிய சொமாட்டோவும் இதே வழியில் வந்ததுதான்.

இந்த நட்சத்திரங்களுக்குப் பணமதிப்பு உண்டு. ஹார்வர்டின் மைக்கேல் லூகா, சியாட்டில் நகர உணவகங்களை வைத்து 2011இல் செய்த ஆய்வில், யெல்ப் என்ற மதிப்புரைத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுவதைக் கண்டார். இந்த விளைவு தனிக் கடைகளுக்கு மட்டுமே; பெயர்பெற்ற சங்கிலி உணவகங்களுக்கு இல்லை. அதாவது, பரிந்துரையின் பலன் சின்னக் கடைக்காரருக்குத்தான், அதனால் பொய் மதிப்புரை எழுதவைக்கும் ஆசையும் அவருக்குத்தான். லூகாவும் ஜார்ஜியோஸ் ஸெர்வாஸும் பாஸ்டன் உணவகங்கள் பற்றி 2016இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 16 சதவீத மதிப்புரைகளை அந்தத் தளமே ஐயத்துக்குரியவை என்று வடிகட்டியிருந்தது தெரியவந்தது. இந்தியாவில் இணைய மதிப்புரைகளுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தரநிலை 2022இல் வந்தது. அதைப் பின்பற்றுவது நிறுவனங்களின் விருப்பம்.

பொய் மதிப்புரை ஒரு தொல்லை என்றால், உண்மையான மதிப்புரைகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்படுவது அதைவிடப் பெரிய தொல்லை. லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஒரு செய்தித் தளத்தில், புதிய கருத்துகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஒரே ஒரு ஆதரவு வாக்கை முன்கூட்டிப் போட்டுவைத்தார்கள். அந்த ஒரு வாக்கால் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. மேசையில் முதல் ஆள் 'ஆகா' என்றதும் மற்றவர்கள் நாக்கும் அந்தப் பக்கம் சாய்வது இதே கதைதான்.

கடை சொல்லும் கலை

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயில் எதிரே இருக்கும் அல்வாக் கடைக்கு 'இருட்டுக்கடை' என்ற பெயரை வைத்தது வாடிக்கையாளர்கள். மங்கிய விளக்கில், மாலையில் மட்டும் நடக்கும் கடை. எங்கே இருக்கிறது, எப்போது திறக்கும், என்ன வாங்க வேண்டும் என்ற மூன்றும் அந்தக் கடையைப் பற்றிய பேச்சிலேயே அடங்கியிருந்ததால் விளம்பரம் இல்லாமலே ஊர் ஊராகப் பரவியது. நல்ல பரிந்துரையின் இலக்கணம் இதுதான். 'மதுரையில் சாப்பாடு பிரமாதம்' என்பதால் யாருக்கும் பயனில்லை. சிம்மக்கல் பக்கம் கறி தோசை, மாலைக்கு மேல் போ என்றால் பயனுண்டு. விருதுநகரில் எண்ணெயில் பொரித்த பரோட்டா என்றால், வீச்சுப் பரோட்டாவை எதிர்பார்த்துப் போகிறவருக்கு அது வேறு பண்டம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே பெயரில் பல கடைகள் உள்ள ஊரில் எந்தத் தெரு, எந்தக் கிளை என்பதைச் சொல்லாத பரிந்துரை, ஆளை வேறு கடையில் கொண்டுபோய் விட்டுவிடும்.

சொல்பவரின் நாக்கும் தெரிந்திருக்க வேண்டும். காரம் தாங்காதவர் 'காரம்' என்பதும், செட்டிநாட்டுச் சமையலில் வளர்ந்தவர் 'காரம்' என்பதும் ஒன்றல்ல. முகம் தெரியாத ஆயிரம் பேரின் சராசரியைவிட, நம்மோடு சேர்ந்து உண்டு, எதில் ஒத்துப்போவார், எதில் மாறுபடுவார் என்று நமக்குத் தெரிந்த நால்வரின் சொல் நம்பகமானது. அந்த நால்வரைத் தெரிந்துகொள்ள மேசையைத் தவிர வேறு இடமில்லை. எட்டு வகையைப் பகிர்ந்து உண்ட குழுவிடம் எட்டு வகைக்கும் சாட்சி இருக்கிறது. தனியே போய் ஒரு வகை தின்றுவந்தவரிடம் ஒன்றுக்குத்தான். சேர்ந்து உண்பதும் கடை சொல்வதும் ஒன்றுக்கொன்று கடன்பட்டவை என்பது இதனால்தான்.

அப்படியொரு குழு அமைய வேண்டுமானால் செய்ய வேண்டியவை எளியவை. ஆள் எண்ணிக்கையை எட்டுக்குள் வையுங்கள். விருப்பத்தைத் தனித்தனியாகக் கேளுங்கள். காசுக் கணக்கை உட்காரும் முன் பேசிவிடுங்கள். கடைக்கு முதல் நாளே சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒருவர் கருத்தை மற்றவர் கேட்கும் முன், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று ஆளுக்கு ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். பிறருக்குக் கடை சொல்லும்போது பண்டம், நேரம், தெரு மூன்றையும் சொல்லுங்கள். பிடிக்காததையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த முறை நண்பர்களோடு போகும்போது இவற்றில் இரண்டையாவது கடைப்பிடித்துப் பாருங்கள்.